ஐந்தாம் திசைக் கழகமும் அமராவதியின் கணக்குப் பேப்பரும்

மேட்ரிக்ஸ்னு ஒரு கணக்கு இருக்கு. எனக்கு அது தெரியாது, தெரிஞ்சு ஆகப்போறதும் ஒண்ணுமில்ல. நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறவன். ஆனா எங்க அக்கா மக அமராவதிக்கு அது தெரிஞ்சே ஆகணும். பாரம் அஞ்சு முடிவுல எழுதுற எஸ்பிஎம் அரசாங்கச் சோதனையில எல்லாப் பாடத்துலயும் நல்லாத் தேறுன பிள்ளை, கணக்குல மட்டும் கவுந்துருச்சு. கணக்குல வெறும் பாஸ் பத்தாது, அதுக்கு மேல கிரெடிட் இல்லாம நர்ஸ் காலேஜ் வாசப்படியக்கூட மிதிக்க முடியாதுன்னுட்டாங்க. அப்பன் இல்லாத பொண்ணு. அக்கா லெட்சுமி அசாம் ஜாவாங்கிற ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுறா. "எம்மவ வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில நடக்கிறத ஒரு தடவை பாத்துட்டா போதும்டா தம்பி"ம்பா. அதுக்குத்தான் எண்பத்தேழுல அமராவதி மறுபடியும் பிரைவேட்டா கணக்குச் சோதனைக்குப் பேர் கொடுத்துச்சு.

மத்ததெல்லாம் தானே படிச்சுக்கும். இந்த மேட்ரிக்ஸ்தான் அதுக்கு எமனா நின்னுச்சு. ஒரு பெட்டிக்குள்ள எண்ணுங்களை வரிசையா எழுதி, அந்தப் பெட்டிய இன்னொரு பெட்டியால பெருக்கணுமாம். "யாராச்சும் ஒரு மணி நேரம் கூட உக்காந்து சொல்லிக் கொடுத்தா புடிச்சுக்குவேன் மாமா"ன்னு சொல்லுச்சு. நல்லா கேட்டுக்குங்க, ஒரு மணி நேரம்.

செகிஞ்சான்ல ஒரு சீன வாத்தியார் வீட்டுல வச்சு டியூசன் சொல்லிக் கொடுக்கிறார்னு கேள்விப்பட்டோம். பனியனோட உக்காந்து சொல்லிக் கொடுப்பாராம். அங்க போய்க் கேக்கலாம்னு இருந்தப்பதான் கோலசிலாங்கூர்ல முடி வெட்டுற கடைச் செவுத்துல அந்த நோட்டீஸ என் கண்ணு பாத்துத் தொலைச்சுச்சு. பச்சைத் தாளு, கொட்டை எழுத்து. 'வட சிலாங்கூர் விண்வெளி காலத் திசை ஆய்வுக் கழகம் வழங்கும் மேட்ரிக்ஸ் வகுப்பு. தமிழில். அனைவரும் வருக. சிற்றுண்டி உண்டு.'

அக்காகிட்ட சொன்னதும் அவ முகம் அப்படியே மலந்துருச்சு. "நம்மாளுங்க, நம்ம பாஷையில சொல்லிக் கொடுக்கிறப்ப சீனரு வீட்டு வாசல்ல போயி எதுக்குடா நிக்கணும்?"னா. நம்மாளுங்க! அந்த ஒரு வார்த்தைக்கு நம்ம ஜனம் எதை வேணாலும் தூக்கிக் கொடுத்துரும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அமராவதிய ஹோண்டா மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன். மளிகைக் கடைக்கு மேல மாடி. உள்ள நாற்காலி போட்டிருந்தாங்க, நாலு வரிசை, வரிசைக்கு நாலு. பிள்ளைக்குப் பக்கத்துல உக்காரலாம்னு ஒரு நாற்காலிய இழுத்தேன். அவ்வளவுதான், சந்தனப் பொட்டும் டையுமா ஒரு மனுசன் தீப்பிடிச்ச மாதிரி ஓடி வந்தாரு. உமாபதின்னு பேரு. இன்சூரன்ஸ் ஏஜெண்டு, கழகத்துக்குச் செயலாளர்.

"ஐயோ ஐயோ, நகத்தாதீங்க! திசையே மாறிப் போயிடும் லா!"

"நாற்காலிதானே சார்?"

"நாற்காலி இல்ல. இதுதான் மேட்ரிக்ஸ். ஐந்தாம் திசையோட மேட்ரிக்ஸ். ஒவ்வொரு நாற்காலியும் ஒரு எண்ணு. தலைவர் உக்கார்றது ஒண்ணு. நான் உக்கார்றது ஒண்ணு. ஆலோசகர் ஒண்ணு. பொருளாளர் நாராயணசாமி மைனஸ் ஒண்ணு, அவரு போன வருசக் கணக்கு இன்னும் காட்டல. மத்ததெல்லாம் சைபர்."

"அப்ப நாங்க?"

"சைபர்."

"சைபர்ல உக்காரலாமா சார்?"

"தாராளமா உக்காரலாம். உக்காந்தாலும் உக்காராத மாதிரிதான்"னு ரொம்ப அன்பாச் சொன்னாரு. உக்காந்தோம்.

தலைவர் வந்தாரு. கனகலிங்கம். யாழ்ப்பாணத்து ஆளு, தோட்டத்து ஆபீசுங்கள்ல பெரிய கிராணியா, அதான் தலைமைக் கிளார்க்கா, இருந்து பென்சன் வாங்கினவரு. வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டுல பேனா. அவரு உள்ள வந்ததும் எல்லாரும் எந்திரிச்சாங்க. அவரு உக்காந்ததும் உக்காந்தாங்க. மறுபடியும் பேசுறதுக்கு எந்திரிச்சாரு, மறுபடியும் எல்லாரும் எந்திரிச்சாங்க. இதுல கொஞ்ச நேரம் போச்சு.

"அன்பர்களே! கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. இதுகள் விரலால சுட்டக்கூடிய திசைகள். விரலால சுட்டுறது ஆர்? கூலியாட்களை மேய்க்கிற மண்டோர். அந்த விரலைப் பாத்துப் போறது ஆர்? கூலியாள். நான் முப்பது வருசம் தோட்டத்து ஆபீசில இருந்தனான். ஒருநாளும் வெளிக்காட்டில கால் வைச்சதில்லை. வைக்காதபடியால்தான் விரலால சுட்ட ஏலாத திசைகள் இருக்கெண்டு எனக்குத் தெரிய வந்தது. அதுகளை மேட்ரிக்ஸால மட்டுந்தான் எழுத ஏலும். ஐந்தாவது திசை, ஆறாவது திசை, ஏழாவது திசை. எழுதலாம், வணங்கலாம். போக ஏலாது."

எனக்கு வாய் சும்மா இருக்கல. "அது எங்க இருக்கு ஐயா?"ன்னு கேட்டுட்டேன்.

"எங்க எண்டு கேக்கிறதே பிழை தம்பி. எங்க எண்டு கேட்டா அது நாலு திசைக்குள்ள வந்திடும். உமக்கு விளங்காது. விளங்காட்டிப் பரவாயில்லை, கைதட்டினால் போதும்."

கைதட்டினோம். பிறகு செயலாளர் தலைவருக்குப் பொன்னாடை போத்தினாரு, தலைவர் செயலாளருக்குப் போத்தினாரு, ஆலோசகருக்கு ரெண்டு பேரும் போத்துனாங்க. நாராயணசாமிக்கு மைனஸ் நாற்காலிங்கிறதால அவரே ஒண்ணை எடுத்துப் போத்திக்கிட்டாரு. கறிபாப்புப் பலகாரமும் சிரப்புத் தண்ணியும் வந்துச்சு. வகுப்பு எப்ப சார்னு கேட்டேன். "இன்னைக்குத் தொடக்க விழா தானே? வகுப்பு அடுத்த வாரம்"னாரு உமாபதி.

அடுத்த வாரம் அக்காவும் கூட வந்தா, கரும்பலகை திறப்பு விழா. அதுக்கு அடுத்த வாரம் ஆலோசகருக்கு மணிவிழா. ஆலோசகர் பேரு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல, அவரு தூங்கிக்கிட்டே இருப்பாரு. நான் அமராவதிகிட்ட, "போதும்மா, செகிஞ்சானுக்கே போயிடலாம்"னேன். "அடுத்த வாரம் நிச்சயமா ஆரம்பிக்கிறேன்னாரு மாமா"ன்னு அது சொல்லுச்சு. அக்காவோ, "பெரிய கிராணியே சொல்லியிருக்காருல்ல"ன்னா. பால்மரம் வெட்டுற ஜனத்துக்குப் பெரிய கிராணி சொன்னா சாமி சொன்ன மாதிரி.

கடைசியா ஒரு ஞாயித்துக்கிழமை உமாபதி நெசமாவே கரும்பலகைப் பக்கம் போனாரு. பிரவுன் தாள்ல அட்டை போட்ட தடியான இங்கிலீசு புஸ்தகம் ஒண்ணு கையில இருந்துச்சு. அதைப் பாத்துப் பாத்து எழுதினாரு. ஒரு திசைய அதே திசையால பெருக்கினா ஒண்ணு வருமாம். ரெண்டு வேற வேற திசைய முன்பின் மாத்திப் பெருக்கினா பிளஸ் மைனஸ் ஆயிடுமாம். அப்படி ஆனாத்தான் அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க நிக்கிற திசைன்னு அர்த்தமாம். நான் கண்டேனா, சரின்னு தலையாட்டுனேன். அமராவதி கண்ணு மட்டும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஏதோ கொஞ்சம் புடிபட்ட மாதிரி நிமிந்து உக்காந்து, கையத் தூக்குச்சு.

"சார், எஸ்பிஎம்ல கேக்கிற மாதிரி ரெண்டுக்கு ரெண்டு மேட்ரிக்ஸ் ஒண்ணு பெருக்கிக் காட்டுங்க சார். எந்த வரிசைய எந்தப் பத்தியால பெருக்கணும்னுதான் எனக்குக் குழம்புது."

உமாபதி சாக்குக் கட்டிய ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினாரு. புஸ்தகத்துல ரெண்டு மூணு பக்கம் திருப்பினாரு. பிறகு, "தங்கச்சி, ரெண்டுக்கு ரெண்டுங்கிறது பிள்ளைங்க விளையாட்டு. இங்க நாம பேசுறது யூனிவர்ஸ்"னாரு.

"ஒண்ணே ஒண்ணு சார்."

தலைவர் கையமத்தினாரு. மறுபடியும் எல்லாரும் எந்திரிச்சோம்.

"பிள்ளை, நீர் நல்ல கேள்வி கேட்டீர். ஆனால் பிழையான ஆட்களிட்டக் கேட்டுப்போட்டீர். பெருக்கிறது, கூட்டுறது, இதெல்லாம் சின்னக் கிராணிமாரின்ட வேலை. முப்பது வருசத்தில நான் ஒருநாளும் பெருக்கினதில்லை. மற்றவன் பெருக்கினதுக்குக் கீழ கையெழுத்து வைச்சனான். அது சரியோ பிழையோ எண்டு பாக்கிறதும் என்ட வேலை இல்லை. அதுதான் தலைமைத்துவம்."

எல்லாரும் கைதட்டினாங்க. அந்த மனுசன் என்ன சொன்னாருன்னு அவருக்கே கேக்கலையே, அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கே அமராவதிய மாணவர் பிரிவுத் தலைவியாத் தேர்ந்தெடுத்து, கழுத்துல ரிப்பன் மாட்டி விட்டாங்க. மாணவர் பிரிவுல வேற யாரும் இல்ல. வேலை என்னன்னு கேட்டா மைலோ கலக்கிறது.

ஆகஸ்ட் மாசம் 'செய்முறைப் பயிற்சி'ன்னு ஒரு வேனைப் பிடிச்சு, அக்காவையும் சேத்து எங்களைச் செகிஞ்சானுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டியூசன் வாத்தியார் வீட்டைத் தாண்டித்தான் வேன் போச்சு. ஜன்னல் வழியா பாத்தேன், பனியனோட ஒருத்தர், முன்னால பிள்ளைங்க குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்துச்சுங்க. அமராவதியும் பாத்துச்சு.

செகிஞ்சான் வயலு சதுரம் சதுரமா, வரிசை வரிசையாக் கிடக்கும். புதுசா நாத்து நட்டு நாலஞ்சு நாள்தான் இருக்கும். தலைவர் வரப்பு மேல நின்னு ரெண்டு கையையும் விரிச்சாரு.

"இது இயற்கை எழுதின மேட்ரிக்ஸ்! ஒவ்வொருவரும் அவரவர் கட்டத்தில இறங்குங்கோ. நான் விசில் ஊதுவன். கண்ணை மூடி, நாலு திசையிலயும் அடங்காத பக்கமாக ஒரு அடி எடுத்து வையுங்கோ."

தலைவர் இறங்கல, வெளிக்காட்டுல கால் வைக்காத விரதம். உமாபதி கால்சட்டையச் சுருட்டிக்கிட்டு ஒரு வயலுக்குள்ள இறங்கினாரு. நாராயணசாமி ஒண்ணுல. ஆலோசகரைக் கைத்தாங்கலா இறக்கி நிறுத்தினாங்க. எனக்கும் அக்காவுக்கும் அமராவதிக்கும் சைபர் வயலு. விசில் ஊதினாரு. எல்லாரும் ஒரு காலைத் தூக்கினாங்க. தூக்கின காலை எங்க வைக்கிறது? முன்னால வச்சா கிழக்கு, பின்னால வச்சா மேற்கு. பக்கத்துல வச்சாலும் ஏதோ ஒரு திசை. அப்படியே ஒத்தைக் காலோட, கண்ணை மூடிக்கிட்டு, கோட்டு சூட்டு போட்ட மூணு பெரிய மனுசங்க சேத்துல நின்னாங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. தலைவர் வரப்புல இருந்து, "அவசரப்படாதேங்கோ, திசை தானா வரும்"னு சொல்லிக்கிட்டிருந்தாரு.

முதல்ல நாராயணசாமிதான் சாஞ்சாரு. பொத்துன்னு நாத்து மேலயே விழுந்தாரு. அதே நேரத்துல ஒரு சீன விவசாயி மோட்டார் சைக்கிள்ல வந்து சேந்தாரு. அரைக்கால் சட்டை, தலையில தொப்பி. "ஓய்! இனி சாயா புஞா பாடி லா! கிலா கா?"ன்னு கத்தினாரு. ஓய், இது என் நெல்லுய்யா, பைத்தியமான்னு கேக்கிறாரு. தலைவர் அவருக்கு இங்கிலீசுல ஐந்தாம் திசைய விளக்க ஆரம்பிச்சாரு. அந்த ஆளு ரோட்டுப் பக்கம் விரலை நீட்டி, "கெலுவார்! சானா! கெலுவார்!"னாரு. வெளிய போ, அந்தப் பக்கம் போன்னு. தலைவருக்கு விரலால சுட்டினா எவ்வளவு நல்லா விளங்குதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். எல்லாருக்கும் முன்னால வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டாரு.

அக்காவுக்கு மனசு கேக்கல. "பாவம், புதுசா நட்ட நாத்துடா"ன்னுட்டு இறங்கி, சாஞ்சதையெல்லாம் நிமித்தி நட ஆரம்பிச்சா. நானும் அமராவதியும் கூட நட்டோம். அந்த விவசாயி கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்துட்டு, அப்புறம் எங்களுக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு. வேன்ல இருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

மறுவாரக் கூட்டத்துல 'பொருளாளர் நாராயணசாமி ஐந்தாம் திசையில் ஓரடி சென்று பத்திரமாகத் திரும்பினார்'னு தீர்மானம் போட்டு, அவருக்குப் பொன்னாடை போத்தினாங்க. அவரும் அதை நெசம்னே நம்பிட்டாரு. "அங்க கொஞ்சம் இருட்டா இருந்துச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சேத்துக்குள்ள மூஞ்சி போனா இருட்டாத்தான்யா இருக்கும்!

அதோட விட்டிருந்தாலும் தொலையுதுன்னு இருக்கலாம். உமாபதி அந்தத் தடிப் புஸ்தகத்துல இன்னொரு வரியப் படிச்சுத் தொலைச்சுட்டாரு. ரெண்டு மேட்ரிக்ஸ பக்கத்துல பக்கத்துல எழுதினா, வலது கைப் பக்கம் இருக்கிறதுதான் முதல்ல வேலை செய்யுமாம், இடது பக்கம் உள்ளது அப்புறந்தானாம். கழக நோட்டீஸ்ல எப்பவும் தலைவர் பேரு இடது பக்கம், செயலாளர் பேரு வலது பக்கம்.

"அப்படின்னா முதல்ல வேலை செய்யறது நான்தானே?"ன்னாரு உமாபதி. "இனிமே மாலையும் நான்தான் முதல்ல போடணும். நான் சொல்லல, புஸ்தகம் சொல்லுது. முன்பின் மாறினா மைனஸ் ஆயிடும்."

"முப்பது வருசம் எனக்கு முன்னால ஒருத்தன் மாலையைத் தொட்டதில்லை!"ன்னு தலைவர் மேசையில அடிச்சாரு. "நீர் முதல் போட்டால்தான் மைனஸ்!"

அன்னையில இருந்து கழகம் ரெண்டாப் போச்சு. ஒரு ஞாயிறு தலைவர் கட்சி வந்து நாற்காலி அடுக்கும், மறு ஞாயிறு உமாபதி கட்சி வந்து அதைத் திருப்பி அடுக்கும். அமராவதி ரெண்டு கட்சிக்கும் மைலோ கலக்கிட்டு, சைபர் நாற்காலியில உக்காந்து தன் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டிருந்துச்சு. பெருக்கல் ஒண்ணு கூட யாரும் சொல்லிக் கொடுக்கல. சோதனைக்குத் தேதியும் வந்துருச்சு.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு பழைய மோரிஸ் காரு எங்க தோட்டத்து லயத்துக்குள்ள வந்து நின்னுச்சு. தலைவர் இறங்குனாரு. பெரிய கிராணி லயத்து வாசலுக்கு வந்துட்டாருன்னு சனம் பூரா வெளிய வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு.

"பிள்ளையை நாளைக்கு மோட்டார் சைக்கிளில காத்தடிக்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. எங்கட மாணவி எங்கட காரிலதான் வரவேணும். கழக வாசலில சின்னதொரு மாலை, அவ்வளவுதான். அங்கயிருந்து பள்ளிக்கூடம் பக்கந்தானே."

நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அக்கா, "உங்க புண்ணியம் ஐயா"ன்னுட்டா. கண்ணுல தண்ணி அவளுக்கு. அவ புருசன் செத்தப்பக்கூட எந்தக் கிராணியும் அந்தப் படியேறி வரல. அதை நினைச்சுத்தான் அக்கா அழுதான்னு எனக்குத் தெரியும், அதனால தடுக்கல.

மறுநாள் காலையில நான் வேலைக்குப் போயிட்டேன். லோரி நிறைய குலை ஏத்திக்கிட்டு கோலசிலாங்கூர் வழியா ஆலைக்குப் போறேன், கழகத்து வாசல்ல அந்த மோரிஸ் காரு நிக்குது. பின் சீட்டுல அமராவதி. கையில ரெண்டு பென்சிலு, ரப்பரு, முகத்துல ரத்தமே இல்ல. படியில மேல தலைவர் ஒரு மாலையோட, கீழ உமாபதி ஒரு மாலையோட. ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறாங்க.

"நீர் போட்டால் மைனஸ்!"

"புஸ்தகத்தப் பாருங்க சார், வலது பக்கந்தான் முதல்ல!"

"நான் எந்தக் கட்சியிலயும் இல்லாத ஆளு, நான் போடட்டுமா?"ன்னு நாராயணசாமி நடுவுல ஒரு கதம்பத்தோட வந்தாரு. ரெண்டு பேரும் சேந்து அவரைப் பிடிச்சுத் தள்ளுனாங்க.

நான் லோரிய நடு ரோட்டுல நிறுத்திட்டுக் குதிச்சேன். "சோதனை ஆரம்பிச்சாச்சாம்மா?"ன்னேன். அமராவதி தலையாட்டுச்சு. "காரை விட்டு இறங்கினா அபசகுனம்னு சொல்றாங்க மாமா. கதவைப் பூட்டிட்டாங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெண்டு பேரையும் குலையோட குலையா வாரி லோரியில போட்டிருப்பேன். நேரம் இல்ல. டிரைவர் பக்க ஜன்னல் வழியாக் கைய விட்டுப் பின் கதவைத் திறந்து, பிள்ளைய லோரியில ஏத்திக்கிட்டுப் பறந்தேன். பின்னால ஹாரன், முன்னால ஹாரன். வளைவுல ரெண்டு குலை ரோட்டுல விழுந்துச்சு, நான் திரும்பிப் பாக்கல. பள்ளிக்கூட வாசல்ல இருந்த மலாய்க்கார டீச்சர் செம்பனை லோரியில இருந்து ஒரு பொண்ணு இறங்கி ஓடி வர்றதப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம உள்ள விட்டாங்க. அவங்க நல்லா இருக்கணும்.

மார்ச்சு மாசம் ரிசல்ட் வந்துச்சு. பாஸ்தான். கிரெடிட் இல்ல. "மேட்ரிக்ஸ் கேள்வி கடைசிப் பக்கத்துல இருந்துச்சு மாமா. அங்க போறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க"ன்னுச்சு. அப்புறம், "போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது"ன்னுச்சு.

அக்கா அன்னைக்கு உலை வைக்கல. மறுமாசமே அமராவதி ரவாங்குக்குப் போயி ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில வேலைக்குச் சேந்துருச்சு. அங்க ஹாஸ்டலுக்குப் பக்கத்துல ஒரு வாத்தியார்கிட்ட தானே போய்க் கேட்டு டியூசனும் சேந்துக்கிட்டு, எங்க தோட்டத்து மளிகைக் கடைக்குப் போன் பண்ணுச்சு. "பெருக்கல் புரிஞ்சிருச்சு மாமா. முக்கா மணி நேரம்தான் ஆச்சு. மறுபடியும் எழுதுவேன்"ன்னுச்சு. சந்தோசப்படுறதா அழுறதான்னு தெரியாம போனை வச்சேன்.

இந்தச் சமயத்துல கழகத்துல இருந்து அழைப்பிதழ் வருது, மஞ்சள் தடவி. 'மாணவி அமராவதிக்குப் பாராட்டு விழா. தலைவர் கனகலிங்கம் அவர்களின் உருவப்படத் திறப்பு விழா.' ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேந்துட்டாங்களாம். கிழிச்சுப் போடப் போனேன். அக்கா கையைப் பிடிச்சா. "பிள்ளைக்கு அன்னைக்கு வேலை, வர முடியாது. நாம போவோம். என்னதான் சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்"னா.

போனோம். மாடி நிறைய ஆளு, தெரியாத முகம்தான் பாதி. எங்க ரெண்டு பேரையும் முதல் வரிசையில உக்கார வச்சாங்க. மேடையில செவுத்துல தலைவரோட பெரிய படம், கண்ணாடி போட்டு, சட்டம் அடிச்சு, கோட்டும் பேனாவுமா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் திரைய விலக்கித் திறந்து வச்சாங்க. பக்கத்துல மேசை மேல வெள்ளைத் துணி விரிச்சு, இன்னொரு படம். சோதனைக்குக் கொடுத்த பாஸ்போர்ட் போட்டோவப் பெரிசாக்கியிருந்தாங்க. எங்க அமராவதி. அவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு எனக்கு அப்ப கூடப் புரியல.

தலைவர் எந்திரிச்சாரு, எல்லாரும் எந்திரிச்சாங்க. நானும் அக்காவும் எந்திரிக்கல.

"கிரெடிட் எண்டுறது நாலு திசைக்குள்ள அடங்கின சொல்லு. எங்கட மாணவி ஐந்தாம் திசையில சித்தியடைஞ்சிட்டா. அந்தத் திசையில சோதனை வைக்க அரசாங்கத்துக்கு ஏலாது. நேர்ஸ் வேலை எண்டால் என்ன? ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடக்கிறது, நாலு திசையிலயும் நடக்கிறது. அதில இருந்து இந்தப் பிள்ளையை நாங்கள் காப்பாத்திப் போட்டம். இனி எங்கட பாதையில எல்லாப் பிள்ளைகளும் வரவேணும். மாணவி இண்டைக்கு எங்களோட இல்லாதபடியால், அவவின்ட படத்துக்கு மாலை அணிவிக்கிறம்."

தகராறு வரக்கூடாதுன்னு தலைவரும் உமாபதியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, ஒரே மாலைய, ஒரே நேரத்துல, எங்க பிள்ளை படத்துக்குப் போட்டாங்க. நாராயணசாமி முன்னால குத்துவிளக்கு ஏத்தினாரு. யாரோ ஊதுபத்தி கொளுத்தி வச்சாங்க. எனக்குப் பின்னால ஒரு கிழவர் செருப்பைக் கழட்டிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு, "ச்சு, ச்சு, சின்ன வயசு. என்ன நோயாம்?"னு பக்கத்து ஆளைக் கேட்டாரு.

நான் எந்திரிக்கிறதுக்குள்ள அக்கா எந்திரிச்சுட்டா. இந்த ஒரு வருசமா அந்த மாடியில ஒரு வார்த்தை பேசாதவ. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு மேடையேறினா. மக படத்துல கிடந்த மாலையக் கழட்டினா. ஊதுபத்தியக் கையில எடுத்துக்கிட்டா. நேரா செவுத்துக்குப் போயி, நாராயணசாமி உக்காந்திருந்த நாற்காலிய, "எந்திரிய்யா"ன்னு ஒரு அதட்டல் போட்டு இழுத்துப் போட்டு ஏறினா. தலைவர் படத்துக்கு அந்த மாலையப் போட்டு, கோணலா இருந்ததச் சரி பண்ணி, சட்டத்து இடுக்குல ஊதுபத்தியையும் சொருகிட்டு இறங்குனா.

பின்னால இருந்த கிழவர் மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டாரு.

தலைவருக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. படத்தப் பாத்தாரு, புகையப் பாத்தாரு. "எடு! எடு அதை! என்ன வேலை இது? நான் இன்னும் உயிரோட இருக்கிறன்!"ன்னு கீச்சுக் குரல்ல கத்தினாரு.

"எம்மவளுந்தான் இருக்கா"ன்னா அக்கா. மேசை மேல இருந்த படத்தத் துடைச்சு இடுப்புல வச்சுக்கிட்டு, "வாடா தம்பி, போவோம்"னா.